காலி வீட்டின் மூன்றாவது படம்

தொழிலில் அவளுக்கு ஸ்டாண்டக்கா என்று பெயர். யார் வைத்ததோ, ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் ஆளுக்கு முன்னால் கேமரா ஸ்டாண்டின் தலைதான் தெரியும். மூன்று காலையும் மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால், உலக்கையோடு யார் வீட்டுக்கோ சண்டைக்குப் போகிறாள் என்று தோன்றும். போவதோ ஆளில்லாத வீடுகளுக்கு. குடியிருந்தவர்கள் காலி செய்த வீடுகளைப் படமெடுத்துத் தருவது அவள் பிழைப்பு. வாடகைத் தரகர் சாவியைக் கொடுப்பார், இவள் போய் எடுத்துவருவாள். அந்தப் படங்களைப் பார்த்து எங்கோ ஒரு குடும்பம், இந்த ஜன்னலோரம் கட்டில், அந்த மூலையில் பீரோ என்று கனவு காணத் தொடங்கும்.

அதற்கு முன் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். கடையை மூடியபோது கையில் கொடுத்தனுப்பிய பணத்தில்தான் கேமரா வாங்கினாள். தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு தடவை வாங்க முடியாது, அவ்வளவுதான் பணம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பேருந்து ஓட்டும் கணவர், பெட்டி பிரிக்காத புதுசாக வாங்கு, கியாரண்டி இருக்கும் என்றார். நாத்தனார் ஏதோ கல்யாணத்தில் பார்த்த முழங்கை நீள லென்ஸை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் எடுக்கப்போறது சுவரை. சுவர் என்ன எழுந்து ஓடவா போகுது?"

ஓடுவதைத் துரத்திப் பிடிக்கிற கேமராவுக்குத்தான் விலை ஏறும் என்பதை அவள் விசாரித்து வைத்திருந்தாள். நிற்பதை எடுக்க நிற்கிற சாமான் போதும். பழைய கேமரா விற்கும் கடைக்காரரும் அதையே வேறு மாதிரி சொன்னார். "கேமரா பாடிக்கு வயசாகும்மா. லென்ஸை ஈரம் படாம வச்சுக்கிட்டா வயசு தெரியாது. நல்ல ஸ்டாண்ட் நமக்கு அப்புறமும் நிக்கும்." முதுகுத்திரையில் கீறல் விழுந்த பாடி ஒன்றை எடுத்தாள். கீறல் படத்தில் வராது, விலை மட்டும் குறையும். அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபக்கம் டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை நூல் படர்ந்திருக்கிறதா என்று அரிசியில் கல் பொறுக்குவது போலப் பார்த்தாள். மேலே சாயம் போயிருந்தது, கண்ணாடி சுத்தம். மிச்சத்தையெல்லாம் ஸ்டாண்டில் போட்டாள். விரித்து வைத்து விரலால் தட்டினால் ஆடக்கூடாது, காற்றடித்தாலும் ஆடக்கூடாது. கடையில் இருந்ததிலேயே கனமானது.

"மாட்டை வித்துக் கட்டுத்தறி வாங்கிட்டு வந்திருக்கா," என்று கணவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

"கட்டுத்தறி உறுதியா இருந்தா இரவல் மாடுகூட நிக்கும்," என்றாள் இவள், பக்கத்து அறையிலிருந்து.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொரு அறையிலும் கேமராவை அசையாமல் நிறுத்தி மூன்று படம் எடுப்பாள். முதலாவது ஜன்னல் வெளிச்சத்துக்கு, இரண்டாவது சுவருக்கு, மூன்றாவது இருட்டு மூலைகளுக்கு. வீட்டில் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கினால் அறை முழுக்கச் சீராக வெளிச்சம் பரவியிருக்கும். லென்ஸ் அறை மொத்தத்தையும் வளைத்துக்கொள்வதால் எடுக்கும்போது அவள் உள்ளே நிற்க முடியாது. டைமரை அழுத்திவிட்டு நடைக்கு வந்து கதவு மறைவில் நின்றுகொள்வாள். கிளிக். கிளிக். மூன்றாவதில் மட்டும் கேமரா கண்ணைத் திறந்தால் மூடக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை சத்தமே இருக்காது. வெளியே நிற்கிறவளுக்குக்கூட, வேலை முடிந்துவிட்டதோ என்று தோன்றும். அந்த அறைகள் படமாகிற நேரத்தில் எப்படி இருக்கின்றன என்று அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வீடு மூன்றாம் மாடியில், நடையின் கோடியில் இருந்தது. மறுநாள் காலையில் மூட்டைப்பூச்சிக்குப் புகை போடுகிறார்கள், கதவு ஜன்னலெல்லாம் டேப் ஒட்டி மூடிவிடுவார்கள், அதனால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் தரகர் சாவியைக் கொடுத்திருந்தார். நல்ல பகல். ஜன்னல் வழியே வெயில் தரையில் பாய் விரித்தது போலக் கிடந்தது. இருந்தாலும் உள்ளே நுழைந்ததும், யாரோ பாதியில் பேச்சை நிறுத்திய அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. குளியலறையில் சாக்கடைத் துளையைச் சுற்றி மட்டும் ஈரம். குழாய் ஒழுகுகிறதென்று முறுக்கப் போனாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. சோப்பு வாசனை. வீடு காலியாகி ஒரு மாதம் என்று தரகர் சொன்னதை நினைத்துக்கொண்டாள். சில வாசனைகள் லேசில் போகாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

பின்னறையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு சுவர் அலமாரி. வழக்கமாக அலமாரிகளைத் திறந்து பார்ப்பாள், பல்லி கில்லி இருந்தால் விரட்டிவிட. இதை இழுத்தாள். கொஞ்சம் வருவது போல வந்து, மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்று விட்டுவிட்டாள். டைமரை அழுத்தி நடைக்கு வந்தாள். கிளிக், கிளிக், அப்புறம் அந்த நீண்ட மௌனம். எடுத்து முடித்து, போகிற வழியிலேயே சாவியைத் தரகரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் படங்களை ஒன்றாக்கியபோது பின்னறையில் ஒரு சாம்பல் கறை தெரிந்தது. அலமாரிக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு. அதன் ஊடே அலமாரி தெரிந்தது.

இப்படி வருவது புதிதில்லை. திரைச்சீலை ஆடும், வெளியே மரக்கிளை அசையும். அசைந்ததை நீக்கவா என்று கணினி கேட்கும், இவளும் யோசிக்காமல் அழுத்துவாள், கறை போய்விடும். அன்றைக்கு விரல் அங்கே போய் நின்றுவிட்டது. அந்த அறையில் திரைச்சீலை இல்லை. மரமும் இல்லை.

மூன்று படங்களையும் தனித்தனியே திறந்தாள். முதலாவது காலி. இரண்டாவதும் காலி. அலமாரி மூடியிருந்தது. மூன்றாவதில் அலமாரிக் கதவு மூடியும் இருந்தது, திறந்தும் இருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. அதன் முன்னால் அது நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறல். இடுப்பு கொஞ்சம் பருமனாக, ஒரு பக்கம் கனத்து. கண் மூக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஸ்டாண்ட் ஆடியிருக்கும்."

"தரையைப் பாருங்க. டைல்ஸ் கோடெல்லாம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கு. ஸ்டாண்ட் ஆடினா எல்லாந்தானே கலங்கணும்? இது மட்டும் ஏன் கலங்குது?"

அவர் வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். செய்யவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். இத்துப்போன ஸ்டாண்ட் ஒன்றை வாங்கியிருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

பயம் இறங்க இறங்க, அதற்கு அடியிலிருந்து வேறொன்று தலைதூக்கியது. பேயாக இருந்தால் புகை ஒன்றும் செய்யாது. ஆளாக இருந்தால்?

தரகருக்குப் போன் போட்டாள். அவளைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர், எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலில் சிரித்தார். சாவி தன்னிடம் இருக்கும்போது ஆள் என்ன சுவர் வழியாகவா வருவார் என்றார். இன்னொரு சாவி செய்துகொள்ள எவ்வளவு நேரமாகும் என்று இவள் கேட்டதும் சிரிப்பு நின்றது. புகைக்காரர்களைத் தள்ளிப்போட்டால் வீட்டுக்காரர் தன் தலையைத்தான் உருட்டுவார் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அதை அழிச்சுட்டு அனுப்புங்க. முடியலன்னா சொல்லிடுங்க. எடுக்கறதுக்கு ஆளா இல்ல?"

படமெடுக்க வேறு ஆள் கிடைக்கும் என்பது அவளுக்கும் தெரியும். போலீஸுக்குச் சொல்லலாமா என்று கணவர் கேட்டார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். சின்ன வயதில் வீடு மாற்றி வீடு மாற்றி வளர்ந்தவள். கதவு தட்டுகிற சத்தத்துக்கு ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது புகைக்காரர்கள் இருவரும் டேப் உருளைகளோடு வாசலில் நின்றிருந்தார்கள். முகமூடி இன்னும் தாடைக்குக் கீழேதான் இருந்தது. தரகரிடம் வாங்கிய சாவியால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அண்ணே, பின்னறைப் படம் ஒண்ணு கெட்டுப்போச்சு. கொஞ்ச நேரம் குடுங்க, எடுத்துடுறேன். தரை அதிர்ந்தா மறுபடி போயிடும், நீங்க மேல் மாடிப் படியில போய் உக்காந்துக்குங்க."

"எங்களைப் பாத்தா யானை மாதிரியா இருக்கு?" என்றார் மூத்தவர். ஆனாலும் போனார்கள்.

பின்னறை நேற்று மாதிரியே இருந்தது. ஸ்டாண்டை விரித்து நிறுத்தினாள், பழக்கதோஷம். அலமாரியைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த வீட்டை ஒட்டி மூடிப் புகை போடுவாங்க. உள்ள இருந்தா உயிர் போயிடும். வாசக்கதவு திறந்திருக்கு, கீழ யாரும் இல்ல. நான் நடையில சுவரைப் பாத்து நிக்கிறேன். சத்தியமா திரும்ப மாட்டேன்."

ஆளில்லாத அறையில் தன் குரலைக் கேட்க அவளுக்கே கூசியது. நடைக்கு வந்தாள். சுவருக்கு மூக்கு படுகிற மாதிரி நின்றாள். சுண்ணாம்பில் ஒரு மயிரிழை விரிசல் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அப்புறம் எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லாததற்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு நிற்கிறோமோ என்று நினைக்கும்போது, பின்னறையில் மரம் முனகியது.

வெறுங்கால். ஒவ்வொரு அடியும் மெதுவாக, கனமாக, மூட்டை சுமப்பவர் வைக்கிற அடி போல. அவளுக்கு நேர் பின்னால் வந்து நின்றது. சோப்பு வாசனை. திரும்பிப் பார்க்க ஒரு கணம்தான் தேவை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து மூச்சு வந்தது. ஒரு வார்த்தைக்கான மூச்சு, வார்த்தையாகாமல் நின்றுபோனது. பிறகு அடிகள் நகர்ந்தன. ஒவ்வொரு படியாக இறங்கிக் கரைந்தன.

உள்ளே போனாள். அலமாரி விரியத் திறந்திருந்தது. தட்டுகளைக் கழற்றி உள்ளேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடியில் மடித்த போர்வை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஈரச் சோப்பு. கதவின் உள்பக்கம் ஆணி அடித்து ஒரு கயிற்று வளையம், உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள. நேற்று மரம் ஊறியிருக்கவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு வளையம் இருந்தது. பிடித்தால் கை அறுக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தார்கள். அவளுடைய இரண்டு விரல்தான் அதற்குள் நுழைந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடிகள் ஏன் கனத்திருந்தன, படத்தில் இடுப்பு ஏன் ஒரு பக்கம் பருத்திருந்தது என்று இப்போது புரிந்தது. நேற்று அவள் அறையில் ஸ்டாண்டை விரித்து, நிமிர்த்தி, முனகிக்கொண்டே கோணம் பார்த்த அத்தனை நேரமும் அந்தக் குழந்தை கதவுக்கு அப்பால் இருந்திருக்கிறது. இருமவில்லை. சிணுங்கவில்லை. இன்றைக்கும், அவள் முதுகுக்குப் பின்னால் தாயின் இடுப்பில் இருந்துகொண்டு, வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு மௌனத்தைப் பழக்க எத்தனை வீடுகள் தேவைப்பட்டிருக்கும்?

புகைக்காரர்கள் இறங்கி வந்தபோது அவள் சமையல் மேடைக்கு அடியிலும் பரணிலும் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லா மூலையும் பார்த்த பிறகுதான் டேப் ஒட்டவிட்டாள். தரகரிடம் அந்த அறைக்குப் படமில்லை என்று சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதன்பின் அவரிடமிருந்து சாவி வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கணினி முன் உட்கார்ந்தாள். எடுக்கத் தொடங்கிய நாள் முதல் எல்லா வீடுகளின் படங்களையும் மூன்று மூன்றாக அவள் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. எத்தனை தடவை அசைந்ததை நீக்கச் சொல்லி அழுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் திரைச்சீலைதான், கிளைதான் என்று நினைத்திருந்தாள்.

"என்ன தேடுற?" என்றார் கணவர்.

"மூணாவது படத்தை மட்டும் பாக்குறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முதல் வீட்டின் கூடம் திரையில் திறந்தது. இருவரும் மூலைகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.