கம்சிகாவின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு பெட்டி

புங்குடுதீவில் ஞானசவுந்தரியின் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். அடுப்பெரிவது மூன்றில். மற்றவை பெரிய கேற்றுகளோடும் அதைவிடப் பெரிய பூட்டுகளோடும் நிற்கின்றன. கேபிள்காரன் ரஜீபன் மாதக் கட்டணத்தில் அந்த எட்டு வீட்டுப் பங்கையும் மூன்று வீட்டின் தலையில் ஏற்றியபோது சண்டை வந்தது.

“வயர் எல்லா வீட்டையும் தாண்டித்தானே அக்கா வருது. ஆளில்லாத வீட்டுக்கு ஆர் கட்டுறது?”

“அப்ப பேய் பாக்கிற ரீவிக்கும் நாங்கள் கட்டவேணுமோ?”

“பேயெண்டாலும் என்னோட இப்பிடிக் கதைக்காது.”

“பேய் சம்பளத்துக்கு நிண்டு கால் நோகிறேல்லை, தம்பி. வயரைக் கழட்டும்.”

கழற்றினான்.

ஞானசவுந்தரி கூட்டுறவுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிறுத்துக் கொடுப்பவள். ஊர் ஒத்துக்கொண்டது என்பதற்காக எதையும் ஒத்துக்கொண்டதில்லை. கணவன் இறந்த பிறகும் பொட்டை அழிக்கவில்லை. மகள் கம்சிகா வலைப்பந்தாட அரைப்பாவாடையோடு மைதானத்தில் இறங்கியபோது, “குமர்ப்பிள்ளை...” என்று இழுத்த கோயில் தலைவரிடம், “நீங்கள் வெறும் மேலோட தேர் இழுக்கிறியள். நான் ஏதும் கேட்டனானோ?” என்று கேட்டுவிட்டு வந்தவள்.

அந்தப் பிள்ளை இப்போது மாவட்ட அணியில். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொழும்பில் அரையிறுதி. தொலைக்காட்சியில் நேரலை. நேரே போகத்தான் ஆசைப்பட்டாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏற லீவு கேட்டு எழுதிய கடிதத்தைக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திருப்பித் தந்துவிட்டார். “கலியாணம், செத்தவீடு எண்டால் சரி. பந்தடி பாக்கவும் லீவோ?”

ஆகவே இணையவழிச் சேவை ஒன்று எடுத்தே ஆகவேண்டும். குறிகட்டுவான் வீதியில் போன் கடை வைத்திருக்கும் நிலாந்தி ஒன்றைக் காட்டினாள். “இதை எடுங்கோ அக்கா. மாசம் மாசம் கட்டலாம், பிடிக்காட்டி விட்டிடலாம். கொழும்புச் சனல் எல்லாம் வரும்.” கேபிளில் பாதி விலைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அன்று பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து தம்பி சதீசன் போன் எடுத்தான். நிலாந்தி காட்டியதைச் சொன்னாள்.

“உந்தச் சின்னச் சாமான் என்னத்துக்கு அக்கா? இஞ்சை எங்கட ஆக்கள் எல்லாரும் பாக்கிற பெட்டி கிடக்கு. ஊர்ச் சனல் முழுக்க வரும். திருவிழாவுக்கு வாற ஆளிட்டைக் குடுத்துவிடுறன்.”

இங்கேதான் அவள் பிசகினாள். அரிசியையும் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குபவள், இதற்கு மட்டும் உடனே தலையாட்டினாள். மருந்திலிருந்து மாப்பிள்ளைவரை வெளிநாட்டிலிருந்து வந்தால் திறம் என்பது அந்தத் தீவின் எண்ணம். கோயில் தலைவரை மடக்கியவளுக்கு அதை மட்டும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பாதிப் பணம் தானே தருவதாக வீறாப்பு வேறு. வியாழக்கிழமை பெட்டியை ரீவியில் பொருத்தி விளையாட்டுச் சனலைப் போட்டாள். சவர்க்கார விளம்பரம் பளிச்சென்று வந்தது. போதும் என்று நிறுத்திவிட்டாள்.

சனி, மூன்று மணி. அணிகள் உள்ளே வரும் நேரத்தில் திரை கறுத்தது. ‘இந்த நேரலையை நீங்கள் இருக்கும் நாட்டில் பார்க்க முடியாது.’

இரண்டு தரம் வாசித்தாள். ஆட்டம் நடப்பது இந்த நாட்டில். ஆடுபவள் இந்த ஒழுங்கைப் பிள்ளை. வேறு சனல்களை மாற்றிப் பார்த்தாள். ஒரு கோயிலில் பூசை நேரலை. அம்மனின் மூக்குத்திகூடத் தெரிந்தது. கம்சிகாவைத் தவிர உலகத்தில் எல்லாம் தெரிந்தது.

நிலாந்திக்குப் போன் அடித்து, அவள் காட்டியதை இப்போதே எடுக்கலாமா என்று கேட்டாள்.

“பாங்க் கார்ட் இல்லாட்டிக் கடைக்கு வந்துதான் அக்கா கட்டவேணும். நான் யாழ்ப்பாணத்தில ஒரு கலியாணவீட்டில நிக்கிறன்.”

பிறகு சதீசனுக்கு, வீடியோவில். அங்கே விடியப்புறம் ஐந்தரை.

“எனக்கு வடிவாத் தெரியுதே அக்கா.”

“உன்னை ஆர் கேட்டது? போனை ரீவிக்கு நேர பிடி.”

கொழும்பில் ஓடிய மகள், ரொறன்ரோச் சுவரில் தெரிந்து, அங்கிருந்து தம்பியின் போன் வழியாகத் தாயிடம் வந்துசேர்ந்தாள். பெருவிரல் அளவில், அதிலும் பாதியைச் சதீசனின் கதிரை மறைத்தபடி. ஒரு மணித்தியாலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். கடைசி நிமிடத்தில் இரு அணியும் சமம். கம்சிகா வளையத்துக்குக் கீழே நின்று பந்தை உயர்த்தினாள். படம் நின்றது. உயர்ந்த இரண்டு கைகள். அதற்கு மேலே சதீசனின் விரல்.

“என்னடா நடந்தது?”

தொடர்பு அறுந்திருந்தது. ரவுட்டரைத் தட்டினாள், போனை முற்றத்துக்குக் கொண்டுபோய் உயர்த்தினாள். ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்குக் கம்சிகாவே போன் எடுத்தாள். வென்றிருந்தார்கள்.

“அம்மா, கடைசிக் கோல் பாத்தனீங்களோ?”

“கையைப் பாத்தனான். பந்தைப் பாக்க விடேல்லை.”

“ஆர் விடேல்லை? மாமா பாத்தவராம்.”

ரஜீபன், சங்கத் தலைவர், முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பனி, தன்னுடைய மடத்தனம். எதை முதலில் சொல்வது?

“இறுதியாட்டம் எப்ப?”

“வாற சனி. அந்தப் பெட்டி வேலை செய்யுமோ அம்மா? லீவும் தராயினமே.”

“பெட்டியை மாமாவுக்குத் திருப்பி அனுப்பிறன். லீவு கேட்டாத்தானே இல்லையெண்டு சொல்லுவினம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில ஏறி இருந்துகொண்டு சங்கத் தலைவருக்குச் சொல்லுறன்.”