மவுஸ் சரியில்லை

எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் ஏழு மவுஸ் கிடக்கின்றன. ஏழும் வேலை செய்கின்றன. ஏழையும் நான்தான் ஆசையாக வாங்கினேன், ஏழையும் நான்தான் குறை சொல்லி ஒதுக்கினேன். வீட்டுக்கு வந்த யாராவது தப்பித் தவறி அந்த இழுப்பறையைத் திறந்துவிட்டால், "இன்னா, ரிப்பேர் கடை எதுனா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொள்வாள். "கடையெல்லாம் இல்லீங்க. எங்க வூட்டுக்காரருக்கு கை சரியில்ல. அத ஒத்துக்க மாட்டறாரு."

நான் வீட்டுப் பிளான் போடுகிறவன். ஒதியம்பட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். வில்லியனூர், பாகூர், அரியூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கரும்பு வெட்டி முடித்ததும் வீடு கட்ட நினைப்பவர்கள், கடைவீதியில் கடைக்கு மேல் மாடி எடுக்க நினைப்பவர்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அனுமதிக்குப் போட வேண்டுமென்றால் பிளான் வேண்டும். பூஜை அறை ஈசானிய மூலையில் வர வேண்டும், அடுப்பு அக்கினி மூலையில் வர வேண்டும், கார் நிறுத்த இடமும் வேண்டும். மனை என்னவோ கார் அளவுதான் இருக்கும். காலையிலிருந்து மாலைவரை என் வலது கை மவுஸின் மேல்தான். கல்யாணமான நாளிலிருந்து தன் கையைப் பிடித்ததைவிட மவுஸைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன் என்பது என் மனைவியின் கணக்கு. கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அதே மேஜையில் வேறு வேலை தொடங்கும். கல்லூரியிலிருந்து மகள் வந்து, காபி குடித்துவிட்டு, தன் லேப்டாப்பை என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். இருவரும் ஒரே அணியாகத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவோம். ஊரடங்கில் வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் தொடங்கிய பழக்கம். அப்போது அவள் பள்ளியில் இருந்தாள், இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "பின்னாடி வரான், பின்னாடி வரான், சுடுடி" என்று கத்துவது பார்க்க நன்றாக இருக்காது என்று எனக்கே தெரியும். ஒரு முறை பிளான் வாங்க வந்த மளிகைக் கடைக்காரர் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, "வூட்டுல எதுவோ பிரச்சன போலக்குது, நாளைக்கு வரேன்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு மணி நேரத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை. நேருக்கு நேர் உட்கார வைத்து, "இன்னாடி நடந்துது காலேஜ்ல?" என்று கேட்டால், "ஒன்னுமில்லபா" என்று எழுந்து போய்விடுவாள். ஆனால் இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டால், எதிரியைத் தேடும் இடைவெளியில் எல்லாமே தானாக வரும். எந்த வாத்தியார் திட்டினார், எந்தத் தோழியோடு பேச்சில்லை, எந்தப் பாடத்தில் பயமாக இருக்கிறது. அதனால்தான் ஆடினேன். இதை வெளியில் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஆட்டம் பிடிக்கும் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

ஆட்டம் எனக்கு வரவே வராது. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் சாவது நான்தான். செத்த உடனே ஹெட்போனைக் கழற்றி, மவுஸைத் தூக்கி, அதன் முகத்தைப் பார்த்து, "மவுஸ் சரியில்ல" என்பேன். ஐந்து வருடமாக இந்த ஒரே வாக்கியம். எங்கள் வீட்டில் குக்கர் விசில் சத்தத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான் இதற்கும். யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள்.

போன வருடம், மழை தொடங்கப் போகும் சமயத்தில், மகள் ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே சொன்னாள். "காலேஜ்ல இந்த கேம்ல போட்டி வெக்கிறாங்கபா. ரெண்டு ரெண்டு பேரா. வூட்டு ஆளு ஒருத்தர கூட சேத்துக்கலாமாம்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஆயுத பூஜ முடிஞ்சி நாலு நாள்ல போட்டி. பூஜ மறுநாள் வரைக்கும் பாக்கறேன். நீ கொஞ்சம் தேறிட்டன்னா நீதான். இல்லன்னா எங் கிளாஸ்ல ஒரு பொண்ணு நல்லா ஆடறா, அவள சேத்துக்கறேன். கோச்சிக்கக் கூடாது, இன்னா?"

"இதுல இன்னாடி கோவம்" என்றேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பக்கத்து நாற்காலி ஐந்து வருடமாக என்னுடையது. முகம்கூடத் தெரியாத ஒரு பெண் அதில் உட்காரப்போகிறாள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போட்டியில் உட்கார்ந்தவளோடுதான் பிறகு தினமும் ஆடுவாள், பிறகு அவளிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாள் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. வேறொருவனாக இருந்தால் உட்கார்ந்து ஆடிப் பழகியிருப்பான். நான் நல்ல மவுஸ் தேடக் கிளம்பினேன்.

பகலில் பிளானுக்கும் சாயங்காலம் சண்டைக்கும் ஒரே மவுஸ் என்பது லேசான காரியம் இல்லை. பிளான் போட மவுஸ் கொஞ்சம் கனமாக, வைத்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரு இஞ்ச் நகர்ந்தால் பக்கத்து மனைக்காரர் வீட்டுக்குள் சுவர் போய்விடும். சண்டைக்கோ அது இறகு போல இருக்க வேண்டும். மகளின் லேப்டாப்பை மடியில் வைத்து வீடியோக்களாகப் பார்த்தேன். கை நீளத்தை அளந்து அதற்கேற்ற மவுஸ் வாங்க வேண்டும் என்றான் ஒருவன். மனை அளக்கும் டேப்பை எடுத்து என் கையை அளந்தேன். மனைவி தன் பங்குக்கு, "எத்தன சதுர அடி வந்துது?" என்று கேட்டாள்.

முதலில் புதுச்சேரிக்குப் போய், பக்கவாட்டில் பொத்தான் வைத்தது ஒன்று வாங்கினேன். சண்டையில் துப்பாக்கிக்குக் குண்டு போடவும், பிளானில் வேண்டாத கோட்டை அழிக்கவும் அந்தப் பொத்தான் என்று நானே அமைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நான்காம் நாள் பாகூரிலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர் தன் பிளானை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார். "எல்லாம் நல்லாதான் சார் இருக்குது. மாடிக்கு எப்புடி ஏர்றது?"

பார்த்தேன். படிக்கட்டைக் காணவில்லை. கட்டைவிரல் எப்போது பட்டதோ, ஒரு மாடிப் படிக்கட்டை முழுசாக அழித்திருந்தேன். "படிக்கட்டு தனி ஷீட்டுல வருங்க" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

அடுத்தது உடம்பெல்லாம் ஓட்டை போட்டது. கனம் குறைய ஓட்டையாம். காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவன் வாங்கக்கூடிய பொருளா அது? ஒரு வாரத்தில் உள்ளே சிற்றெறும்பு குடியேறிவிட்டது. சண்டையின் உச்சத்தில் உள்ளங்கையில் கடித்தது. அன்று நான் செத்ததற்குக் காரணம் எறும்பு என்று சொல்ல, மகள் சிரித்த சிரிப்பில் அவளும் செத்தாள். அதற்கடுத்து வாங்கிய ஒயர் இல்லாதது, நான் சார்ஜ் போட மறந்ததில், எதிரி கண்ணெதிரே நிற்கும்போது படுத்துவிட்டது.

"மவுஸ மாத்திக்கினே இருக்கீங்களே, கைய மாத்தித் தருவாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

கடைசியில் கிடைத்தது. கறுப்பு நிறம், விளக்கு கிடையாது, ஓட்டை கிடையாது. கையை வைத்ததும், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. சக்கரம் ஒவ்வொரு படியாக நின்று நின்று சுழன்றது. பிளானில் சுவர்கள் சொன்ன இடத்தில் நின்றன. சண்டையிலும் இரண்டு பேரை அடுத்தடுத்துச் சுட்டேன். மகள் என் பக்கம் திரும்பி, "பரவால்லபா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. முன்னறையைக் கழுவி, கம்ப்யூட்டரைத் துடைத்து, ஸ்கேல், டேப், கால்குலேட்டர் எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மனைவி மவுஸை எடுத்தபோது நான் பாய்ந்தேன். மேலே சந்தனம் பட்டால் அதன் வழவழப்பு போய்விடும் என்று பயம். "குடு, இதுக்கு நான் வெக்கிறேன்" என்று வாங்கி, குப்புறத் திருப்பினேன். அடியில் நடுவிலே சின்னதாக ஒரு குழி இருந்தது. பொட்டு வைக்கவே விட்ட இடம் மாதிரி, விரல் நுனிக்குச் சரியாக இருந்தது. கெட்டிச் சந்தனமாக எடுத்து அதில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். வெளியே தெரியாது, சாமிக்குத் தெரியும் என்று விளக்கம் வேறு சொன்னேன். இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் பிழைக்கிறவன். அந்தக் குழிக்குள்தான் மவுஸின் கண் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பக்தியில் மறந்துபோனது.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலை எடுத்து, ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, ஊருக்குள் நான்கு மனை அளக்கப் போய்விட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். அதுதான் அவள் முடிவு சொல்ல வேண்டிய நாள்.

நான் வலது பக்கம் இழுத்தால் குறி வானத்தைப் பார்த்தது. எதிரியைச் சுடப்போய் மரத்தைச் சுட்டேன். கொஞ்ச நேரம் திரை அப்படியே நின்றது, பிறகு ஒரேயடியாகக் குதித்தது. மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் அவள் ஊன்றி நிற்பதற்குள் செத்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மவுஸ் சரியில்ல" என்றேன்.

ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அது உண்மை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "சரிபா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெண்ணிடம் பேசத்தான் போகிறாள் என்று தெரிந்தது. எழுந்து தடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். எதைச் சொல்லித் தடுப்பது? சொல்லியாயிற்றே.

மறுநாள் அந்த மவுஸோடு படாத பாடு பட்டேன். மேஜையை மாற்றினேன், மவுஸ் பேடை மாற்றினேன், கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். சாயங்காலம் வந்த மகள் என் கூத்தைப் பார்த்துவிட்டு, "குடு பாக்கலாம்" என்று மவுஸை வாங்கினாள். திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது இன்னாபா, சந்தனமா?"

அசடு வழிந்தேன். என் துணி மேலாகத்தான் துடைத்திருந்தது. குழிக்குள் காய்ந்த சந்தனம் அப்படியே படிந்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்துவந்து, கண்ணில் தூசி எடுப்பது போல அவள் நிதானமாகத் துடைத்தாள். எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான். "பாத்தியா? நேத்து நான் சொன்னது நெஜந்தான? நேத்து ஆடனது கணக்குல சேராது."

"சரி. ஒரு கேம் ஆடலாம்" என்றாள்.

மவுஸ் அற்புதமாக வேலை செய்தது. விரல் நினைத்த இடத்தில் குறி நின்றது. எறும்பு இல்லை, சார்ஜ் பிரச்சினை இல்லை, சந்தனம் இல்லை. நான் ஒரு வீட்டுக்குள் ஓடி, கதவைத் திறந்துகொண்டு நேராக வெளியே வந்தேன். கதவோரத்தில் நின்றவன் சுட்டான். ஊருக்கெல்லாம் எந்தப் பக்கம் கதவு வைக்க வேண்டும் என்று சொல்கிறவன், கதவைத் தாண்டும்போது பக்கத்தில் பார்க்கவில்லை. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள் போல. அது வாயில் வரவில்லை.

"அந்தப் பொண்ணயே கூட்டிக்கினு போ" என்றேன்.

"கோவமா?"

"இல்லடி. நெஜமாதான் சொல்றேன்."

லேப்டாப்பை மூடிவிட்டு, "உன் மவுஸ எடுத்துக்கினு போவட்டா?" என்று கேட்டாள். கொடுத்தேன்.

போட்டிக்கு நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மேடையில் பெரிய திரை. மகளும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவள் பாவம், என்னைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்குப் புரியாமல் போனது. திரையில் ஓடுவது என் மகள்தானா? சுவரைத் தாண்டி, மாடியேறி, ஜன்னல் வழியாகக் குதித்து, ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். என்னோடு ஆடும்போது அவள் ஆட்டமே வேறு. ஒவ்வொரு சுவரோரமும் நிற்பாள். நான் விழுந்தால் குண்டு மழையில் திரும்பி ஓடிவந்து தூக்கிவிடுவாள், அதில் பாதி நாள் அவளும் சாவாள். அவள் சுபாவமே நிதானம் என்று நினைத்திருந்தேன். நிதானம் எல்லாம் இல்லை. ஐந்து வருடமாக என் பெண் எனக்காக நின்று நின்று ஆடியிருக்கிறாள். நான் பின்னால் வருகிறேனா என்று பார்த்துப் பார்த்து ஆடியிருக்கிறாள். நான் என்னவோ அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, மவுஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையா வெட்கமா என்று கேட்டால், இரண்டும்தான்.

அரையிறுதிவரை போனார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னாலிருந்து, "எப்புடிபா ஆடனேன்?" என்று கேட்டாள். "நல்லா ஆடன" என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஓடியவள், முதல் சுவரோரம் நின்றாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"நிக்காத, நீ போ" என்றேன்.

"நீ செத்துடுவபா."

"செத்தா, உக்காந்து நீ ஆடறத பாத்துக்கினு இருக்கறேன். நீ போ."

ஒரு கணம் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.