லோகேஸ்வரன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்

தாமல் காலனியில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் லோகேஸ்வரன். அதனால் அங்கே யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவனைத் தேடித்தான் வருவார்கள். பட்டா, விதவை உதவித்தொகை, தெருவிளக்கு என்று எதுவானாலும், அவர்கள் சொல்லச் சொல்ல அவர்களாகவே மாறி, "நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன்" என்று தொடங்கிவிடுவான். இருபத்தைந்து வயதுக்குள் ஊரில் பாதிப் பேருடைய 'நான்' அவன் கையால் எழுதப்பட்டுவிட்டது. பகலில் காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை.

சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் புவனேஸ்வரி அந்தக் கடைக்கு வாடிக்கை. ஒருநாள் அவன் எழுதிய மனு ஒன்றைப் படித்துவிட்டுச் சொன்னார்: "உன் கதையை எழுது தம்பி, நான் போடறேன். ஆனா மொத பக்கத்துல எதுக்கு எழுதறேன்னு எழுதிக் குடு. அதுல பொய் சொன்னா மிச்சமும் பொய்யாத்தான் வரும்."

அவன் கொண்டுபோன பக்கம், "நான் மேற்படி தாமல் கிராமத்தில்" என்று ஆரம்பித்தது. புவனேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கலெக்டருக்கா எழுதின? கீழ இடம், தேதி எல்லாம் வேற போட்டிருக்க."

"பழக்கம் மேடம்."

"சரி. 'என்னைப் பார்த்து நாலு பிள்ளைகள் படிக்க வேண்டும்'ங்கிற. இது காலேஜ் ஆண்டு மலர்ல வர்றது. உனக்கு யார்கிட்ட என்ன சொல்லணும்?"

தாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். யாரிடம், என்ன என்பது மூன்று வருஷமாகத் தெரிந்ததுதான்.

அண்ணன் ராமராஜன் ஒன்பதாவதோடு நின்று, பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் சேர்ந்தவன். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். தம்பியைப் படிக்க வைத்தது அந்தக் கைதான். மூன்று வருஷத்துக்கு முன், பட்டறையின் கழிவுத் தொட்டியை அள்ள இறங்கியவன் விஷவாயு தாக்கி உள்ளேயே செத்துப்போனான். ஆஸ்பத்திரி வாசலில் பட்டறை ஆள் ஒருவன் வந்து நின்றான். "குடிச்சிட்டுத் தவறி வுழுந்துட்டான்னு அப்பா எழுதிக் குடுத்துட்டா, பொழுது சாயறதுக்குள்ள உடம்பு வந்துடும்பா. இல்லன்னா நாலு நாள் ஆவும்."

அப்பா முனிரத்தினம் இளைய மகனைப் பார்த்தார். "எழுதுடா. அவன் அங்க ஐஸ்ல கெடக்கறான்."

லோகேஸ்வரன் எழுதினான். 'என் மூத்த மகன் ராமராஜன் தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவன்.' ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அப்பா கைநாட்டு வைத்தார். ராமராஜன் சாராய வாடை அடித்தாலே எழுந்து போகிறவன்.

அதைப் பட்டறைக்காரன்தான் எழுதினான் என்று அம்மா செல்லியம்மாள் நம்பினாள். குழாயடியில் யாராவது "குடிச்சிட்டு செத்தவன் ஆத்தா" என்று சாடை பேசினால், வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போதே சொல்வாள், "அத்த எழுதுன கை புழுத்துப் பூடணும்." அதே கையால் லோகேஸ்வரன் சோறு பிசைந்துகொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் அவன் மறுபடி எழுதினான். இந்த முறை மேற்படி வரவில்லை. இரண்டு பக்கம் வந்தது. அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாடா அவ்ளோ நேரமா எழுதிக்கினு கீற?"

"அண்ணனப் பத்திம்மா. புக்கா வரும்."

"படி, கேக்கறேன்."

படித்தான். கழிவுத் தொட்டியைப் படித்தபோது அவள் கை நின்றது. 'என் அண்ணன் குடித்ததே இல்லை' என்றபோது, "நல்லா சொல்லு" என்றாள். அடுத்த வரி, அந்தக் காகிதத்தை எழுதியவன் நான்தான் என்று இருந்தது. அதையும் படித்தான்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தான்.

"நீயா?"

"ஆமாம்மா."

கையிலிருந்த கீரைத்தண்டை முறத்தில் போட்டாள். "உங்க நைனாவுக்கு?"

"அவர்தாம்மா எழுதச் சொன்னாரு."

"அப்ப இந்த ஊட்ல எனக்கு மட்டுந்தான் தெரியாது."

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அழுவாள், அழுது முடித்தபின் என்றைக்காவது பக்கத்தில் வந்து உட்காருவாள் என்றெல்லாம் அவன் நினைத்து வைத்திருந்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருஷமாக அவளுக்குத் திட்ட ஒரு பட்டறைக்காரன் இருந்தான். அவனையும் இப்போது பிடுங்கிக்கொண்டாயிற்று. மிச்சம் இருப்பது புருஷனும் பிள்ளையும். இரண்டு பேருக்கும் அவள்தான் சோறு போட வேண்டும்.

"இது புக்கா வந்தா ஊருக்கே தெரியும், இல்ல?"

"தெரியும்மா. அண்ணன் குடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அன்னிக்கும் நீதான் எழுதுன. இன்னிக்கும் நீதான் எழுதுற. எத்தடா நம்புவாங்க?"

அவன் காகிதங்களை மடித்தான்.

"யாருக்கோசரம் எழுதுற?" என்றாள். கோபம் இல்லாமல், தெரியாத ஒருத்தனிடம் வழி கேட்பதுபோலக் கேட்டாள்.

அவளுக்காகத்தான் எழுதினான். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லி முடித்தாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி எழுதவும் அவனிடம் காரணம் இல்லை. செல்லியம்மாள் முறத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.