முடியாதா, கூடாதா?

சிறுவர் பக்கம் நடத்துவது, பிள்ளைகளிடம் 'வேண்டாம்' என்பதை அவர்கள் முகம் கோணாமல் சொல்லும் வேலை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலேசியாவில் சுங்கைப்பட்டாணியில் வரும் எங்கள் வார இதழில் என் பெயர் 'அக்கா'. அன்று எனக்கு எழுதிய பிள்ளைகள் இன்று அம்மாக்கள். அவர்களுக்கும் நான் அக்காதான்.

ஒரு சொல், இரண்டு பூட்டு

மலாய் மொழியில் 'தா போலே' என்றால் போதும். இயலாது என்பதும் அதுதான், அனுமதி இல்லை என்பதும் அதுதான். நம் பிள்ளைகள் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் 'முடியாது' போடுகிறார்கள். "வகுப்பில் சாப்பிட முடியாது" என்று எழுதியிருந்தான் பாலிங் ஊர்ப் பையன் ஒருவன். "ஏன், வாய் வலியா?" என்று சிறுவர் பக்கத்திலேயே கேட்டேன். இயலாவிட்டால் 'முடியாது', விடமாட்டார்கள் என்றால் 'கூடாது' என்று விளக்கி, சொந்த வாக்கியத்தைக் குரல் பதிவில் அனுப்பச் சொன்னேன். முதலில் வந்தது அவன் பதிவுதான். அதை அப்படியே அச்சிட்டோம்.

"அக்கா, வகுப்புல சாப்பிடக் கூடாது. ஆனா முடியும் லா! நேத்து சாப்பிட்டேன்."

வரம்பு

அடுத்து வந்த சொல் 'வரம்பு'. 'இதற்கு மேல் போகக் கூடாது என்று வைக்கும் எல்லை' என்று எழுதினேன். யான் என்ற ஊரில் வயல்களுக்கு நடுவே குடியிருக்கும் ஒரு சிறுமி அதை ஒப்பவில்லை. அவளுக்கு வரம்பு என்றால் இரண்டு வயல்களுக்கு இடையே உயர்ந்திருக்கும் மண்கரை. அதன் மேல் நடந்துதான் தினமும் பள்ளிக்குப் போகிறாள். என் விளக்கத்துக்குக் கீழே அவளுடையதையும் போட்டேன்.

"வரம்பு நிப்பாட்ட இல்லக்கா, நடக்க. அது இல்லாட்டி சேத்துல விழுந்துருவோம்."

வாசலில் லோரி

சுங்கை லாலாங் ஊர் யாழினி பள்ளிக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர். அலோர் ஸ்டாரில் போட்டி. இரண்டு இரவு தங்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அவள் அப்பா, "போக முடியாது" என்று சொல்லிவிட்டார். குழுவில் வேறு கோல்கீப்பர் கிடையாது. எங்கள் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள் யாழினி. "முடியாதாப்பா, கூடாதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

மனிதர் மாட்டிக்கொண்டார். பள்ளியே பேருந்து வைக்கிறது, ஆசிரியையும் கூடப் போகிறார், 'முடியாது' நிற்காது. 'கூடாது' என்றால் தடுப்பவர் தாம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மகளையும் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான் அந்த அக்காவா? நல்லாயிருந்த வீட்டுல சண்டைய மூட்டிட்டீங்களே!"

கோட்டுக்குள் கை

உட்கார வைத்து தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கோபம் இறங்கியதும் பயம் தெரிந்தது. "பொம்பளப் பிள்ளக்கா. ஒரு வரம்பு வேணாமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். "கோல்கீப்பருக்கு வரம்பு இருக்குப்பா. கோட்டுக்குள்ள மட்டும்தான் பந்தக் கையால பிடிக்கலாம். அது எனக்குத் தடையா? மத்தவங்க யாருக்குமே கையால தொட அந்த இடம்கூட இல்ல!"

அவர் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு 'கூடாது' போய் 'நிபந்தனை' வந்தது: தினமும் போன் செய்ய வேண்டும், ஆசிரியை அறையில்தான் படுக்க வேண்டும். யாழினி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு அப்பா வர வேண்டும் என்று தன் நிபந்தனையையும் வைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சரி லா, வர்றேன். ஆனா எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான், நீங்களும் வரணும்."

கயிற்றுக்கு அப்பால்

இறுதி ஆட்டம் பெனால்டி வரை போனது. கடைசி உதை. யாழினி இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் இரண்டு கைகளுக்குள் அடங்கியது. கோப்பை அவர்களுக்கு! பார்வையாளர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றை அவள் அப்பா ஒரே தாவலில் தாண்டினார். "அங்கள், தா போலே மாசோக்!" என்று, உள்ளே நுழைவதைத் தடுத்துக் கத்திக்கொண்டே காவலுக்கு நின்றவர் பின்னால் ஓடினார். ஓட்டத்தை நிறுத்தாமல், தமிழிலேயே பதில் வந்தது.

"கூடாதுதான்! ஆனா முடியும் லா!"

கயிற்றைத் தாண்டக் கூடாது என்று அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு எழுத வேண்டிய நான், அப்போது அவருக்கு முன்னாலேயே மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.