தலைமேல் தண்ணீர் வைத்த பெட்டி

அந்தக் கணினிக் கடையில் எல்லோரும் அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை நடுவில் திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். பிறகு அதைத் தேடி மேஜை, இழுப்பறை, பக்கத்தில் நிற்பவரின் சட்டைப்பை என்று கடையையே புரட்டிப் போடுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பேருந்திலும் அது கொண்டையிலேயே இருக்கும். "நல்லதுதான், நெரிசல்ல எந்தப் பயலும் உன்னை இடிக்க மாட்டான்" என்பான் கணவன். அவனே பேருந்து ஓட்டுபவன். நெரிசல் அவனுக்குத் தெரியும்.

கடையில் இரண்டு மேஜைகள். முன் மேஜை ஏசிக்கு நேர் கீழே. சுழல் நாற்காலி, 'தலைமைத் தொழில்நுட்பர்' என்று ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் முதலாளியின் மச்சான். பின் மேஜை காலி அட்டைப்பெட்டிகளுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில். அங்கே பலகையும் கிடையாது, நாற்காலிக்கு முதுகும் கிடையாது. கடையில் விற்ற கணினிகள் எல்லாம் அந்தப் பின் மேஜையில் பிறந்தவை. பிறந்ததும் துடைத்து முன்னால் கொண்டுபோவார்கள். மச்சான் வாடிக்கையாளர் எதிரில் பொத்தானை அமுக்கி, "நானே உக்காந்து பண்ணினது சார்" என்பார். உட்கார்ந்தார் என்ற வரைக்கும் அது உண்மை.

அவள் இங்கே சேர்ந்தது பில் போட. ஒருநாள் மச்சான் பாகங்களைப் பூட்டிச் சேர்த்த கணினி ஒன்று உயிர் வராமல் கிடந்தது. "போர்டு ராசியில்ல" என்று அவர் கைவிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் எட்டிப் பார்த்தாள். மின்சார ஒயர் பாதிதான் செருகியிருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். ராசி வந்துவிட்டது. அன்றிலிருந்து பூட்டும் வேலை அவளுக்கு, பெயர் அவருக்கு. யாராவது கேட்டால், "அது உதவிக்கு இருக்கிற பொண்ணு" என்று பதில். ஆண் திருப்புளி பிடித்தால் தொழில்நுட்பம், பெண் பிடித்தால் ஒத்தாசை. உலகத்தில் பாதிப் பேரின் உழைப்பை மீதிப் பாதி இப்படித்தான் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதை எந்த வெட்கமும் இல்லாமல் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து செய்ய முடிகிறது என்பதுதான் ஆச்சரியம்.

அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாளியிடம் போய், "முன் மேஜை எப்போ சார்?" என்று கேட்பாள். கடைசியில் முதலாளிக்கு அலுத்துவிட்டது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், வீட்டு மாதிரிகளைத் திரையில் சுற்றிக் காட்டுவதற்குப் பெரிய கணினி ஒன்று கேட்டிருந்தார். பிடித்திருந்தால் அலுவலகம் முழுக்க இங்கேயே வாங்குவதாகப் பேச்சு.

"இது சத்தமில்லாம, சூடாகாம அவர் கைக்குப் போயிடுச்சுன்னா முன் மேஜை உனக்கு" என்றார் முதலாளி. "ஏதாவது கோளாறு வந்துச்சுன்னா மறுபடியும் பில். அப்புறம் திருப்புளியைத் தொடவே கூடாது. சரியா?"

சரி என்றாள். பில் இயந்திரத்தின் முன்னால் மறுபடி உட்கார வேண்டி வருமோ என்ற பயம் இருந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. மறுநாள் காலையில் கணவனிடம் மட்டும் கொஞ்சம் கசிந்தது.

"லிக்விட் கூலர் போடறேன். ரேடியேட்டரைப் பெட்டிக்கு மேல மாட்டணும்."

"பஸ்ல முன்னாலதான் இருக்கும்" என்றான் அவன், பல் துலக்கிக்கொண்டே.

"இது பஸ்ஸா?"

"உனக்கும் ஒண்ணு மாட்டிக்கோ. பேசினா சூடாயிடறே."

லிக்விட் கூலர் பெயரில்தான் பெரிய விஷயம். கணினியின் மூளை மேல் ஒரு சின்னப் பம்ப் உட்காரும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் நீளமான ரேடியேட்டருக்குப் போகும். ஒன்றில் சூடான தண்ணீர் போகும், இன்னொன்றில் ஆறி வரும். அவள் ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் மாட்டினாள். அதன் அடியில் ஃபேன்களை வரிசையாக முடுக்கினாள், சூட்டை மேலே ஊதித் தள்ள. ஃபேனுக்கு நீளத் திருகு, கூரைக்குக் குட்டைத் திருகு. மாற்றிப் போட்டால் நீளத் திருகு ரேடியேட்டரின் வயிற்றைக் குத்திவிடும், தண்ணீர் எல்லாவற்றின் மேலும் கொட்டும். ஒவ்வொரு திருகையும் பாதி முடுக்கி, குறுக்கு மூலைக்குப் போய், திரும்பி வந்து இறுக்கினாள். பெட்டியின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன்கள். மிச்சம் முதுகுப்பக்க ஃபேன் ஒன்றுதான், உள்ளே வந்ததை வெளியே தள்ள.

அதைக் கையில் எடுத்தபோதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒப்பந்தக்காரர் வந்தார். கூடவே இன்னொருவர், பட்டுச் சட்டை, கையில் ஒரு சின்னத் தோல்பை. வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம், பணப்பெட்டி எந்த மூலை என்று சொல்லிப் பிழைக்கும் திசைக்காரர். அவர் தலையசைக்காமல் ஒப்பந்தக்காரர் செங்கல்கூட வாங்குவதில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண் வாசலில் இருக்க, கை ஃபேனை முடுக்கி முடித்தது.

திசைக்காரர் பெட்டிக்குள் குனிந்தார். "இது என்ன குழாய்?"

"தண்ணி போற குழாய்ங்க."

"தண்ணி எங்க நிக்குது?"

"மேல, ரேடியேட்டர்ல."

அவர் கண்ணை மூடி, வலிப்பதுபோல மூச்சை இழுத்தார். "தலைமேல தண்ணி. முழுகிப்போற அமைப்பு. கீழ இறக்குங்க."

"கீழ இறக்கினாத்தான் ஐயா நிஜமாவே முழுகும்."

"ஏம்மா" என்றார் முதலாளி, "கஸ்டமர் முன்னாடி வாய்க்கு வாய் பேசாத."

"வாயே வேண்டாம் சார், பாட்டிலை வச்சுப் பேசறேன்." குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூடினாள். நிமிர்த்தினாள், கவிழ்த்தாள். "பாருங்க, எப்படித் திருப்பினாலும் காத்து மேல ஓடிடுது. குழாய்க்குள்ளயும் எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும். ரேடியேட்டர் மேல இருந்தா அங்க போய் சும்மா உக்காந்துக்கும். கீழ இறக்கினா, மேல இருக்கறது பம்ப். காத்து பம்புக்குள்ள போயிடும். அது தண்ணியைத் தள்ளுமா, காத்தைத் தள்ளுமா?"

ஒப்பந்தக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க கட்டற வீட்டுல தண்ணித் தொட்டியை எங்க வைப்பீங்க?"

"மொட்டை மாடியில."

"அது யார் தலைமேல?"

ஒப்பந்தக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திசைக்காரருக்கு வரவில்லை. "கட்டடத்துக்குக் கணக்கு வேற, மெஷினுக்குக் கணக்கு வேற" என்றார்.

"மேல, கீழ ரெண்டுலயும் வச்சுப் பாத்துடலாமே" என்றாள் அவள்.

மச்சான் எழுந்தார். "நான் கீழ வச்சுத் தர்றேன். ஐயா சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்." சட்டைக் கையை மடித்தார். மடித்து முடித்தபின் அவளிடம் குனிந்து, "குட்டைத் திருகு எது?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் ஒரு சுற்றுத் தேநீர் முடிந்து, முதலாளி இரண்டாவது சுற்றுக்குச் சொல்லியனுப்பியபோது ரேடியேட்டர் பெட்டியின் தரையில் கிடந்தது. மச்சான் பொத்தானை அமுக்கினார்.

களக். களக். கொளகொளகொள.

"கேட்டீங்களா?" என்றார் திசைக்காரர், முகமெல்லாம் மலர. "தண்ணி சிரிக்குது!"

"பசிச்சா என் வயிறும் இப்படித்தான் சிரிக்கும்" என்றார் ஒப்பந்தக்காரர்.

அவள் ஒரு அடுக்குமாடி வீட்டு மாதிரியைத் திறந்து திரையில் சுற்றவிட்டாள். ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண் ஏறியது. கொளகொள சத்தம் கூடியது. எண் இன்னும் ஏறியது. அடுக்குமாடி வீடு பாதி சுற்றலில் நின்றது. திரை கறுத்தது.

"சிரிச்சு முடிச்சிடுச்சு" என்றாள்.

மச்சான் தன் நாற்காலிக்குத் திரும்பி, அங்கே இல்லாத ஒரு தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். அவளே எல்லாவற்றையும் கழற்றி ரேடியேட்டரை மறுபடி கூரைக்கு ஏற்றினாள். இந்த முறை சத்தமில்லை. வீடு சுற்றியது, நிற்கவில்லை. எண் ஏறி ஓரிடத்தில் அமர்ந்தது. அவள் வழக்கமாகப் பார்க்கும் இடத்தைவிட அது கொஞ்சம் மேலே. அறையில் இத்தனை பேர் மூச்சு விட்டால் ஏறாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். முன் மேஜையும் சுழல் நாற்காலியும் கண்ணில் ஆடின.

திசைக்காரர் விடுவதாக இல்லை. தோல்பையிலிருந்து ஒரு குச்சியும் அதில் தொங்கும் பட்டுநூலும் வந்தன. "தண்ணியை விடுங்க. இந்தப் பெட்டிக்குள்ள ஓட்டமே சரியில்ல. நூல் சொல்லும்." நூலைப் பெட்டியைச் சுற்றி நகர்த்தினார். முன்பக்கம் நூல் பெட்டியை நோக்கிச் சாய்ந்தது. மேலே விலகிப் பறந்தது. முதுகுப்பக்கம் போனது. அங்கேயும் பெட்டியை நோக்கியே சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? முதுகுல உள்ள போகுது. வெளிய வரணும். தீய ஓட்டம்!"

"ஐயா, உங்க நூலுக்குத் தேநீர் வேணுமாம்" என்றார் ஒப்பந்தக்காரர். முதலாளி சிரித்தார், மச்சானும் சிரித்துவைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து முதுகுப்பக்க ஃபேனைப் பார்த்தாள். ஃபேனுக்கு இரண்டு பக்கம். காற்று வெளியேறும் பக்கத்தில் இறக்கைகளைத் தாங்கும் சட்டம் குறுக்கே ஓடும். அந்தச் சட்டம் பெட்டிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டிருக்கிறாள். வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அறையில் இது தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். மச்சானுக்குச் சட்டமும் தெரியாது, பக்கமும் தெரியாது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஏதோ சாக்கில் ஒப்பந்தக்காரர் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் திருப்பிவிடலாம். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும், முன் மேஜை கிடைத்துவிடும். திறந்தால் பில். அதுவும் யாருக்கு முன்னால்? பாதி வாழ்க்கையாக எந்த வகை ஆளைக் கண்டால் அவளுக்கு எரிகிறதோ, அந்த ஆளுக்கு முன்னால். ஆனால் நூலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று காற்றுக்குத் தெரியாது. ஏமாற்றுக்காரன் பிடித்தாலும் அது உண்மையான பக்கம்தான் ஓடும். சோதித்துப் பார்க்கலாம் என்று சவால் விட்டவள், சோதனை தன்னைக் குத்தும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவளுக்கும் பட்டுச் சட்டைக்கும் என்ன வித்தியாசம்?

"அவர் சொல்றது சரி" என்றாள்.

முதலாளி கண்ணால் ஜாடை காட்டினார். பிறகு இருமினார். பிறகு காலை மிதித்தார்.

"காலை மிதிக்காதீங்க சார், செருப்பு புதுசு. ஃபேனைத் திருப்பிப் போட்டது நான்தான். உங்களைப் பாத்த எரிச்சல்ல" என்று திசைக்காரரிடம் திரும்பினாள். "தீய ஓட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கவனக்குறைவு. ஆனா நூலைப் பிடிச்சுப் பாத்தீங்களே, அது நல்ல வேலை. எல்லா வீட்டுலயும் அதை மட்டும் செய்யுங்களேன். வாயால சொல்றதை விட்டுடுங்க."

திசைக்காரருக்குப் பாராட்டா திட்டா என்று புரியவில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று புன்னகைத்தார்.

கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி, நான்கு திருகைக் கழற்றி, ஃபேனைத் திருப்பி முடுக்கினாள். பட்டுநூல் முதுகுப்பக்கம் வெளியே பறந்தது. திரையில் எண் இறங்கி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது.

முதலாளியின் சூடு மட்டும் இறங்கவில்லை. "கஸ்டமர் எதிர்லயே மானத்தை வாங்கிட்டியே. பேசினபடிதான். நாளையிலிருந்து பில்."

"ஏன்?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"தப்பு பண்ணிட்டாளே சார்."

"என்கிட்ட கொத்தனார், கம்பி கட்டறவன், பெயிண்ட் அடிக்கிறவன்னு ஒரு ஊரே வேலை பாக்குது. சுவர் கோணினா வெயிலுங்கறான், தரை ஒழுகினா மழைங்கறான். 'நான்தான் கோணலாக் கட்டினேன்'னு ஒருத்தன் வாயைத் திறந்து நான் கேட்டதில்ல. மிச்ச மெஷினையும் இந்தப் பொண்ணே பண்ணட்டும். ஆனா பின்னாடி கழிப்பறைப் பக்கம் வச்சுப் பண்றதை நான் எட்டிப் பாக்க முடியாது. முன்னாடி உக்காரச் சொல்லுங்க."

முதலாளியின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப இத்தனை நாள் அவள் பேசியது போதவில்லை. வாங்குகிறவர் ஒருவர் சொன்னதும் அது துள்ளி எழுந்தது. நியாயம் எப்போதும் இப்படி லாபத்தைக் கூட்டாளியாக அழைத்துக்கொண்டுதான் வந்து சேருகிறது. வந்ததே போதும் என்று அவள் விட்டுவிடவில்லை.

"சார், பலகையும் சேத்தா?"

"சேத்துத்தாம்மா."

"அக்காகிட்ட கேளுங்க மாமா, அது எனக்கு ராசியான இடம்..." என்று மச்சான், முதலாளியின் மனைவியான தன் அக்காவைத் துணைக்கு இழுத்தார். அக்கா வீட்டில் இருந்தார். முதலாளி கேட்காததுபோல திசைக்காரர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஐயா, வந்ததுதான் வந்தீங்க. ஆள் மாறுது. மேஜை எந்தத் திசை பாத்து இருக்கலாம்?"

திசைக்காரர் கண்ணை மூடி, விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் அவள் முன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்து எதிர்ச் சுவர் பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தாள். வெளிச்சம் அங்கேதான் விழுந்தது, பிளக்கும் அங்கேதான் இருந்தது.

திசைக்காரர் கண்ணைத் திறந்தார். மேஜை போகும் பக்கத்தைப் பார்த்தார். "அதேதான்" என்றார் அவசரமாக. "அந்தத் திசையைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்போ சும்மா நிக்காதீங்க ஐயா" என்றாள் அவள். "அந்த முனையைப் பிடிங்க."

பட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிடித்தார். கனமான மேஜை.