டொக்டர் என் மருமகளிடம் கேட்டார்

தர்மபுரத்துக்கு வெறுங்கையோடு வந்து அரிசி ஆலை கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் எந்த அரசாங்கக் கந்தோரிலும் என் குரல்தான் முன்னுக்கு நிற்கும்.

பேத்தி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காலையில் கட்டில் கட்டிலாகப் பார்த்துவந்த டொக்டர், இரவு முழுக்கப் பிள்ளையோடு இருந்த மருமகளையும் என்னையும் வெளியே அனுப்பாமல் அருகே கூப்பிட்டார்.

"பிள்ளை இரவு எப்பிடி இருந்தவள்?"

"நல்லா இருந்தவள், டொக்டர்," என்றேன், வீட்டில் நித்திரை கொண்டுவிட்டு வந்த நான்.

டொக்டர் மருமகளிடம் திரும்பினார். "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ."

அவள் தலை குனிந்தாள். என் முன்னால் அவள் வாய் திறப்பதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

"சொல்லு பிள்ளை," என்று கெஞ்சினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

வெளியே போனேன். அப்போதுதான் அவள் குரல் கேட்டது: "நேற்றிலிருந்து பிள்ளைக்குச் சலம் போகேல்லை, டொக்டர். ஒரு சொட்டு மூத்திரமும் இல்லை."

தாதிமார் ஓடினார்கள். பிள்ளை பிழைத்தாள். அன்று பேத்திக்காக என்னால் செய்ய முடிந்தது, கதவுக்கு வெளியே நிற்பது மட்டும்தான்.