ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கை

எண்பதுகளில் திருவண்ணாமலை தேரடித் தெரு வீட்டில், வெளியூர்க்காரர்களோடு செய்தி பரிமாறும் அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தேன். மனைவி கமலாவை அதன் பக்கமே விடமாட்டேன். "கை பட்டா கெட்டுடும்" என்பேன்.

ஒருநாள் கடலூரில் புயல். போன் வேலை செய்யவில்லை. அங்கே கமலாவின் தம்பியிடமும் ரேடியோ இருந்தது. இரைச்சலுக்குள் அவன் தந்திபோல் தட்டி அனுப்பிய மோர்ஸ் ஒலியைப் பிரித்தெடுக்க, இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரின் திருகை அவசரத்தில் இரும்பு ஸ்குரூ டிரைவரால் திருப்பிவிட்டேன். பிளாஸ்டிக்கால் திருப்பியிருக்க வேண்டும்; இரும்பு பக்கத்தில் இருந்தாலே ட்யூனிங் மாறிவிடும். இரும்பு திருகில் இருக்கும்வரை ஒலி கேட்டது, எடுத்தால் மறைந்தது. மறுபடி சரிசெய்ய நேரமில்லை. அவனுடைய பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

"கமலா, இதை அசையாம புடி!"

பிடித்தாள். கேட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"வீடு இடிஞ்சிடுச்சு... அம்மா..."

என் பென்சில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? என் கை ஆடல. நீங்க எழுதுங்க."

எழுதினேன். "அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்து மாடியில இருக்கோம். நல்லா இருக்கோம்."

ஒலி ஓய்ந்தது. கமலா ஸ்குரூ டிரைவரை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவளுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கை பட்டால் கெட்டுவிடும் என்று சொல்ல எனக்கு அப்புறம் வாய் வந்ததேயில்லை.